ஜன்னி என்ற ஒற்றைச் சொல்: பிள்ளை பெற்ற பின்னான 42 நாள்களின் வரலாறு

கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கத்துச் சேரிகளில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினால் ஒரு கணக்கு கிடைக்கும். எந்த அரசு ஆவணத்திலும் ஏறாத கணக்கு. அக்கா மூன்றாவது பேறுகாலத்தில் போனாள், சின்னம்மா பிள்ளை பெற்ற எட்டாம் நாள் போனாள், மதினி போனபோது கைப்பிள்ளைக்குக் கண்ணுகூடத் தெளியவில்லை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எப்படிப் போனார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஜன்னி கண்டுருச்சு."

அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஜன்னி வந்தால் போகவேண்டியதுதான், அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை என்பதுபோல. காத்துப் பட்டது, குளிர்ச்சி ஏறியது, பத்தியம் மீறியது, தீட்டு வீட்டில் ஆகாதவர் காலடி பட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். அவற்றில் பாதி செத்தவள் மேலேயே பழியைப் போடும். மீதி, பேறுகாலம் பார்த்த கிழவியின் மேல் போடும்.

தோழர்களே, சாதி வன்கொடுமை என்றால் அரிவாளும் தீயும்தான் நம் கண்முன் வருகின்றன. 1957இன் நினைவைச் சுமந்துகொண்டிருக்கும் மண்ணில் அது இயல்புதான். ஆனால் ஓலைக் குடிசைக்குள் சத்தமில்லாமல் நடந்த இந்தச் சாவுகளுக்கும் ஒரு சாதி வரலாறு உண்டு. பிள்ளை பெற்ற உடம்பு காட்டும் அபாய அறிகுறிகளை மருத்துவ உலகம் எப்போது கற்றுக்கொண்டது? அந்த அறிவு யாருடைய வாசல் வரை வந்தது, யாருடைய வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டது? தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று சொன்ன பெண்ணின் வார்த்தையை யார் நம்பினார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு சொல்லுக்குள் நான்கு நோய்கள்

நம் பாட்டிமார் ஜன்னி என்று ஒரே சொல்லில் சொன்னதை இன்றைய மருத்துவம் பிரித்துப் பார்க்கிறது. குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் அந்தச் சொல்லுக்குள் மறைந்திருந்தன.

முதலாவது, கருப்பையில் கிருமித்தொற்று. பிள்ளை பிறந்த சில நாள்களில் குளிர்நடுக்கம், காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் உதிரம் என்று தொடங்கும். தொற்று இரத்தத்தில் கலந்தால் மூச்சு வாங்கும், நாடி ஓடும், கைகால் சில்லிடும், பேச்சு குழறும். அந்தக் கட்டத்தில் காய்ச்சல் இல்லாமலும் போகலாம். 'சூடு இறங்கிருச்சு, இனி பயமில்ல' என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் உயிர் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது, இரத்தக்கொதிப்பால் வரும் வலிப்பு. பிள்ளை பிறந்துவிட்டால் இரத்தக்கொதிப்பு அபாயம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் இரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. அதாவது, தாய் வீடு திரும்பிய பிறகு. தாங்கமுடியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் ஆகியவை அதன் முன்னறிவிப்பு. கர்ப்ப காலத்தில் கொதிப்பே இல்லாதவளுக்கும் இது வரலாம்.

மூன்றாவது, மூளையின் இரத்தக்குழாயில் அடைப்பு. மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்துக்குப் பின்னும் மூளை இரத்தக்குழாய் அடைபட்ட 135 பெண்களைப் பற்றிய ஆய்வை 1983இல் வெளியிட்டார். நம் பக்கத்து நோயாளிகளும் போய்ச் சேரும் மதுரைதான் அது. பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வைக்கும், புண் சீழ் பிடிக்கும் என்று தாகத்தோடு கிடத்தும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிரசவத்துக்குப் பின் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் தன்மையோடு இருக்கும். அந்த நேரத்தில் உடம்பில் நீர் வற்றினால் அபாயம் கூடுகிறது. நாளாக நாளாகக் கூடும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் கைகால் விழுதல் என்று அது வெளிப்படும்.

நான்காவது, மனம் பிறழ்தல். ஆயிரம் தாய்மாரில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் இது வருகிறது. தூக்கமே இல்லாமல் இருப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைத் தன்னுடையதல்ல என்பது. மருந்தால் குணமாகும் நோய் இது. ஆனால் இதற்குப் பேய் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெண் போகும் வழியே மாறிவிடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடித் தப்ப முடியாமல் எரிந்துபோனார்கள். 28 உயிர்கள். மனநோயை மருத்துவமாகப் பார்க்காத ஒரு சமூகம் நோயாளியை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஜன்னி என்ற பெயருக்குள்கூட வராத கொலையாளி ஒன்றும் உண்டு. உதிரப்போக்கு. உலகம் முழுக்கப் பேறுகாலச் சாவுக்கு முதன்மைக் காரணமே அதுதான். 'அழுக்கு ரத்தம் போகட்டும், போனாத்தான் உடம்பு சுத்தமாகும்' என்ற ஒரு வாசகம் அதை ஆபத்தாகவே பார்க்கவிடாமல் செய்தது. இரத்தசோகை உள்ள உடம்புக்குக் கொஞ்சம் அதிகமான உதிரப்போக்கே போதும். இன்றும் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகையோடு இருக்கிறார்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது.

தொட்டவள் மேல் விழுந்த பழி

பிள்ளைப்பேறு தீட்டு என்றது சாதி சமூகம். தீட்டைத் தொட ஆள் வேண்டுமே? அதற்கும் சாதிதான் ஏற்பாடு செய்தது. பல ஊர்களில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களும், பல ஊர்களில் தலித் பெண்களும் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடி புதைப்பது, தீட்டுத்துணி அலசுவது எல்லாம் அவர்கள் வேலை. ஊர்த்தெருவில் பேறுகாலம் பார்க்கப் போனவள் கொல்லைப்பக்கமாக நுழைந்து கொல்லைப்பக்கமாகவே திரும்பினாள். கூலி, கொஞ்சம் நெல்லும் பழைய சேலையும். கத்தியைக் கொதிக்க வைக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கடமைப்பட்டவர் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காலனி அரசின் கண்ணும் மேல்தட்டுச் சீர்திருத்தவாதிகளின் கண்ணும் பேறுகாலச் சாவுகளின் பக்கம் திரும்பியபோது, குற்றவாளி தயாராகவே இருந்தாள். அழுக்கான, படிக்காத, கீழ்ச்சாதிக் கிழவி. இந்த மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க 1903இல் கர்சன் பிரபுவின் மனைவியின் முயற்சியால் விக்டோரியா நினைவு உதவிநிதி தொடங்கப்பட்டது. 1927இல் வெளிவந்த 'மதர் இந்தியா' நூலில் காதரின் மேயோ இந்தியாவின் மருத்துவச்சியை அருவருப்பின் உருவமாகவே வரைந்து காட்டினார். அந்த நூல் தேசியவாதிகளைக் கொதிக்கவைத்தது. மறுப்பு நூல்கள் வந்தன. ஆனால் அந்தக் கொதிப்பில் மருத்துவச்சியின் பக்கம் நின்று பேசிய குரல்கள் அரிது. நாட்டின் மானம் பேசப்பட்டது. அவளுக்கு அந்த மானத்தில் பங்கில்லை.

இப்போது கொஞ்சம் கடல் கடந்து பார்ப்போம். அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெருமைக்குரிய மருத்துவமனைகளில் என்ன நடந்தது?

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், மற்றொன்றில் மருத்துவச்சி மாணவிகள் பார்த்தார்கள். 1846ஆம் ஆண்டில் மருத்துவர்கள் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சியதாக அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஏழைப் பெண்களுக்குத் தெரிந்த உண்மை பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை. 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணவறையில் சடலம் அறுத்த கையோடு மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாக இறங்கியது.

அவருக்கு முன்பே, 1795இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கோர்டன், பிரசவம் பார்ப்பவர்களே காய்ச்சலை வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறார்கள், அதில் நானும் ஒருவன் என்று எழுதினார். இருவருக்கும் கிடைத்த பரிசு அவமானம். கனவானின் கை அழுக்காக இருக்க முடியாது என்று மருத்துவ உலகம் நம்பியது. செம்மல்வைஸ் 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார்.

நம் மருத்துவச்சிகளின் கையில் கிருமியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்தது. அதனால் தாய்மார் செத்தார்கள், நம் தாய்மாரும் செத்தார்கள். ஆனால் வியன்னாவின் கனவான் கையிலிருந்த கிருமிக்கு 'அறியாமை' என்று பெயர் வைத்த வரலாறு, இங்கே சேரிப் பெண்ணின் கையிலிருந்த அதே கிருமிக்கு 'பிறவி அழுக்கு' என்று பெயர் வைத்தது. இந்தப் பெயர் மாற்றத்துக்குள் இருப்பது சாதி.

பெயரிலேயே சாதி வைத்த ஆஸ்பத்திரி

சென்னையில் 1844இலேயே அரசு பிரசவ மருத்துவமனை வந்துவிட்டது. இன்றைய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையின் தொடக்கம் அது. ஆனால் ஆதிக்க சாதிக் குடும்பங்கள் அங்கே வரத் தயங்கின. எல்லாச் சாதிப் பெண்களும் படுத்த கட்டிலில் படுப்பதா? ஆண் மருத்துவர் தொடுவதா? அவர்களுக்காகவே 1885இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவரின் முயற்சியில் ஒரு தனி மருத்துவமனை எழுந்தது. அதன் பெயர்: சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான ராயல் விக்டோரியா மருத்துவமனை. பின்னாளில் அது கஸ்தூரிபா காந்தி பெயரை ஏற்றது. திருவல்லிக்கேணியில் பழைய ஆட்கள் இன்றும் அதை 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள்.

கவனித்தீர்களா? பெயரில் இரண்டு சொற்கள் இருந்தன. ஊர் நினைவில் 'கோஷா' தங்கிவிட்டது. 'சாதி' காணாமல் போய்விட்டது. வரலாற்றை மறக்கும்போதும் நாம் மிகக் கவனமாகத்தான் மறக்கிறோம்.

மேரி ஷார்லீப்பின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவர் ஒருவர். அந்த மருத்துவமனை பல பெண்களைக் காப்பாற்றியது. கேள்வி வேறு. தாயின் உயிர் காப்பதற்கான அறிவு இந்த மண்ணுக்கு வந்தபோது, தீட்டு பார்த்தவர்களின் வசதிக்கு ஏற்றபடி அதற்குச் சுவர் கட்டப்பட்டது. தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்களின் வசதிக்கு ஏற்றபடி எதுவும் கட்டப்படவில்லை. சென்னையிலேயே இந்த நிலை என்றால், கண்மாயும் கருவேலமும் தாண்டி, மழை பெய்தால் வண்டித்தடமும் மூடிப்போகும் கடலாடிச் சீமையின் சேரிக்கு எது வந்திருக்கும்?

ஓய்வும் மருத்துவம்தான்

அறிகுறியைக் கவனிக்க முதலில் ஒருத்தி படுத்திருக்க வேண்டும். உதிரம் திடீரென்று கூடுகிறதா, கால் ஒன்று வீங்குகிறதா, தையல் போட்ட இடம் சிவக்கிறதா என்று பார்க்க நேரம் வேண்டும். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் கரிமூட்டத்துக்கோ உப்பளத்துக்கோ களையெடுப்புக்கோ போகிறவளுக்கு எல்லா வலியும் வேலை வலியாகவே தெரியும்.

இதை மிகத் தெளிவாகப் பார்த்தவர் அண்ணல் அம்பேத்கர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அவர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அதன் சுமையை அரசும் ஏற்கவேண்டும், அவள் உழைப்பால் லாபம் பார்க்கும் முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று வாதிட்டார். 1929இல் அது சட்டமானது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது சுரங்கப் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு நலச் சட்டத்துக்கும் திருத்தங்கள் கொண்டுவந்தார். இட ஒதுக்கீட்டுக்கும் அரசமைப்புச் சட்டத்துக்கும் மட்டும் அவரை நினைவுகூரும் நாம், பிள்ளை பெற்ற தொழிலாளியின் படுக்கைக்காக அவர் பேசியதையும் மேடையில் சொல்லவேண்டும்.

சென்னை மாகாணத்துக்கு 1934இன் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் 1961இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. இவை பெரும்பாலும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் போன்ற அமைப்புசார்ந்த வேலைகளுக்கானவை. வயல்கூலிக்கும் கரிமூட்டக் கூலிக்கும் முதலாளி யார் என்றே தாளில் இருக்காது. ஆகவே நம் பெண்கள் எந்தச் சட்டத்துக்குள்ளும் வரவில்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு மகப்பேறு நிதியுதவியைத் தொடங்கியது. அப்போது 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, பிறகு 18,000 என்று உயர்ந்தது. கூலி இழப்பை ஈடுகட்டி, சத்தான உணவுக்கு வழிசெய்வது நோக்கம். நல்ல திட்டம். ஆனால் முதல் இரண்டு பேறுகாலத்துக்குத்தான் அது. மூன்றாவது, நான்காவது பேறுகாலத்தில் உடம்பு இன்னும் பலவீனமாக இருக்கும், கருப்பை சுருங்காமல் உதிரம் கொட்டும் அபாயமும் உண்டு. அதிக ஆபத்தில் இருப்பவளுக்குக் குறைந்த உதவி என்பதை எந்த மருத்துவப் புத்தகமும் சொல்லவில்லை.

சாவை எண்ணத் தொடங்கிய பிறகு

ஒன்றைப் பெருமையோடு சொல்லத்தான் வேண்டும். 1994இலிருந்து தமிழ்நாடு ஒவ்வொரு பேறுகால இறப்பையும் பதிவுசெய்யத் தொடங்கியது. 2004இல் ஒவ்வோர் இறப்பையும் ஆய்வு செய்வது கட்டாயமானது. எந்த நேரத்தில் வலி வந்தது, யார் பார்த்தார்கள், எந்த மருத்துவமனைக்கு எத்தனை மணிக்கு அனுப்பினார்கள், வண்டி எப்போது வந்தது, இரத்தம் இருந்ததா என்று கேட்கும் நடைமுறை அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்கள் முறைவைத்து 24 மணி நேரமும் இருக்கும் ஏற்பாடு வந்தது. 2008இல் 108 வந்தது. 2004–06இல் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20இல் 54 ஆக இறங்கியது. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 97.

தலைவிதி என்று சொன்னதில் பாதியை ஒரு தலைமுறைக்குள் குறைக்க முடிந்திருக்கிறது. அப்படியானால் அது தலைவிதியாக இருந்ததே இல்லை.

ஆனால் அந்த 54 யார்? தாய் இறப்பு விகிதத்தை மாநிலவாரியாக வெளியிடும் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, அதைச் சாதிவாரியாக வெளியிடுவதில்லை. கடலாடி வட்டாரத்தில் பிள்ளை பெற்று 42 நாளுக்குள் இறந்தவர்களில் எத்தனை பேர் பட்டியல் சாதிப் பெண்கள் என்பதை நம்மால் ஒரு அறிக்கையைத் திறந்து பார்த்துவிட முடியாது. கேட்காத வரை அந்த எண் வெளியே வராது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். 42 நாளில் இரண்டு நாள் மருத்துவமனை, நாற்பது நாள் வீடு. மருத்துவச்சியும் இப்போது இல்லை. அந்த நாற்பது நாளில் அறிகுறியைப் பார்க்கும் கண் யாருடையது?

அவள் சொன்னாள், யார் கேட்டார்கள்?

2010 ஜனவரியில் சாந்தி தேவி என்ற பட்டியல் சாதிப் பெண் டெல்லியை ஒட்டிய பரிதாபாதில் வீட்டிலேயே குறைமாதப் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்தார். நஞ்சுக்கொடி முழுதாக வெளிவராமல் ஏற்பட்ட உதிரப்போக்கு. அதற்கு முந்தைய கர்ப்பத்தில், வயிற்றிலேயே சிசு இறந்த நிலையில், வறுமைக்கோட்டு அட்டை குறித்த சிக்கலால் மருத்துவமனைகள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தன. லக்ஷ்மி மண்டல் எதிர் தீன்தயாள் ஹரிநகர் மருத்துவமனை என்ற அந்த வழக்கில் 2010 ஜூனில் நீதிபதி எஸ். முரளிதர் தீர்ப்பளித்தார். பேறுகாலத்தில் உயிரோடு மீள்வது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது.

பிரேசிலில் அலைன் டா சில்வா பிமென்டல் என்ற 28 வயது கறுப்பினப் பெண் 2002இல் இறந்த பிள்ளையைப் பெற்றெடுத்தார். அடுத்து வாந்தியில் இரத்தம், தாழ்ந்த இரத்த அழுத்தம், குழப்பமான பேச்சு. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கு எட்டு மணி நேரம் காத்திருந்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டில் இல்லாமல் நடைபாதையில் 21 மணி நேரம் கிடந்து இறந்தார். அந்தச் சாவுக்கு அரசே பொறுப்பு என்று 2011இல் ஐ.நா.வின் பெண்ணுரிமைக் குழு சொன்னது.

ஏழை என்பதால்தான் இப்படி என்று நினைக்கத் தோன்றும். 2017இல் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், அறுவைப் பிரசவத்துக்கு அடுத்த நாள் மூச்சுத் திணறி, நுரையீரலில் இரத்தக்கட்டி இருக்கிறது, ஸ்கேன் எடுங்கள் என்று செவிலியரிடம் சொன்னார். வலிமருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவர் பிடிவாதமாக நின்றார். ஸ்கேனில் கட்டிகள் தெரிந்தன. உலகப் புகழும் பணமும் இருந்த கறுப்பினப் பெண்ணே தன் வார்த்தையை நம்பவைக்கப் போராட வேண்டியிருந்தது.

சமூகவியல் மாணவர்களுக்கு 'மூன்று தாமதங்கள்' என்ற கோட்பாடு தெரிந்திருக்கும். 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்தது. போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நம் ஊரில் இந்த மூன்றிலும் சாதி வேலை செய்கிறது. போன தடவை பிரசவ வார்டில் வாங்கிய ஏச்சும், வாசலில் நீட்டிய கையும் நினைவில் இருப்பதால் முடிவெடுக்கத் தாமதம். சேரி ஊருக்கு வெளியே இருப்பதால் வண்டி வரத் தாமதம். 'இதுக்கெல்லாம் ஓடி வந்துட்டியா' என்று திருப்பி அனுப்புவதால் சிகிச்சையில் தாமதம். 1990களில் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன், அரசு பிரசவ வார்டுகளில் ஏழைப் பெண்கள் பட்ட அவமானத்தையும், பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி பொருத்தப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். மருத்துவமனையை விட்டுச் சீக்கிரம் வெளியேறத் துடிப்பவளை அறியாமைக்காரி என்று சொல்லும் முன், அவள் எதிலிருந்து தப்பி ஓடுகிறாள் என்று கேட்க வேண்டும்.

42 நாளுக்குக் காவல்

வரலாறு படிப்பது எதற்கு என்றால் இதற்குத்தான். இந்த அறிகுறிகளை நம் இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள், மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வண்டிக்குப் போன் போடுவது பெரும்பாலும் ஆண்கள்தான்.

உடனே 108ஐ அழைக்க வேண்டியவை:

- ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கினோ மடித்த துணியோ முழுக்க நனையும் உதிரப்போக்கு, எலுமிச்சை அளவுக்கு மேல் இரத்தக்கட்டி, மயக்கம்
- வலிப்பு, மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
- ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது
- 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், நாற்றமடிக்கும் உதிரம், தையலில் சீழ்
- மூச்சு வேகமாகி, கைகால் சில்லிட்டு, பேச்சு குழறுவது, காய்ச்சல் இல்லாவிட்டாலும்
- தூக்கமே இல்லாமல் தொடர்பற்ற பேச்சு. தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம்

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம் "பிள்ளை பெத்து இத்தனை நாள் ஆச்சு" என்பதாக இருக்கட்டும். வெறும் தலைவலி என்று வரிசையில் நிற்பவளுக்கும், பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் தலைவலி என்று வருபவளுக்கும் சிகிச்சை வேறு. வீடு திரும்பும் முன் இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் இன்னொரு முறை பார்க்கக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். கடலாடியிலிருந்து இராமநாதபுரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை நூறுக்கு மேல். விடியட்டும் பார்க்கலாம் என்று நாம் சொல்லும்போது இந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதையும் மீறி ஒரு தாய் போய்விட்டால், அதோடு முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பேறுகால இறப்பும் ஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது அரசின் விதி. மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்தவரின் குடும்பத்தார் வந்து பேசவும் தேசிய வழிகாட்டுதலில் இடமுண்டு. அந்தக் கூட்டத்துக்கு நம் குடும்பங்கள் போகவேண்டும், கூடவே நாமும் போகவேண்டும். நம் வட்டாரத்தில் இறந்த தாய்மாரில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், எத்தனை இறப்பு ஆய்வு செய்யப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். படித்த பிள்ளைகள் ஆளுக்கொரு மனு எழுதினால் போதும்.

நம் பாட்டிமாரின் திண்ணைக் கணக்கில் ஜன்னி என்ற ஒரே சொல்தான் இருந்தது. அவர்களுக்கு யாரும் வேறு சொல் கொடுக்கவில்லை. இனி நம் சேரியில் ஒருத்தி, பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள், 'தலை வெடிக்குது, கண்ணு இருட்டுது' என்று சொன்னால் அதை ஒருவராவது முதல் தடவையே நம்பி எழுந்து ஓட வேண்டும்.

ஜெய் பீம்.